மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்: தன்பாலீர்ப்பாளர் சித்திரிப்பும் அடையாள அரசியலும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய மருத்துவரும் பாலியல் அறிஞருமான மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் (1868–1935), தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்துத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். மனு, ஆண்டிதழ், கணிப்பு, சொற்பொழிவு, திரைப்படம், காட்சிக்கூடம் எனத் தம் காலத்தில் கிடைத்த ஊடகங்கள் பலவற்றையும் இப்போராட்டத்திற்குப் பயன்படுத்தினார். அதே ஊடகங்கள் அவருக்கும் அவர் காக்க முனைந்த மக்களுக்கும் எதிராகத் திரும்பியதும் உண்டு. ஒரு சமூகத்தாரை ஊடகத்தில் காட்டுவது தன்னளவில் நீதியாகிவிடாது. காட்டும் உரிமை யாரிடம் உள்ளது, காட்டப்படுவோருக்குச் சட்டக் காப்பு உள்ளதா என்னும் இரண்டுமே அதன் பயனை முடிவு செய்கின்றன என்பதை அவரது வாழ்க்கையின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, சித்திரிப்பு, அடையாள அரசியல், சட்டப்பிரிவு 175, வைமார் ஜெர்மனி, திரைப்படத் தணிக்கை.

முன்னுரை

விளிம்புநிலையினரின் சித்திரிப்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இருப்பு, இன்மை என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேடுகின்றன. ஒரு சமூகத்தார் இலக்கியத்திலும் திரையிலும் இடம்பெறாமை குறையாகவும், இடம்பெறுதல் நிறைவாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்வளவுகோல் போதுமானதன்று என்பதைத் தன்பாலீர்ப்பாளர் இயக்கத்தின் தொடக்கக்கால வரலாறே காட்டுகிறது. அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் ஹிர்ஷ்ஃபெல்ட். அவரது வாழ்வை அவர் கையாண்ட ஊடகங்களின் வரிசையில் வைத்து நோக்கும்போது, ஒரு மக்கள் குழுவைப் பொதுவெளிக்குக் கொண்டுவருவதில் உள்ள வாய்ப்பும் இடரும் ஒருங்கே புலப்படுகின்றன.

பிறப்பும் காலப் பின்புலமும்

ஹிர்ஷ்ஃபெல்ட் 1868ஆம் ஆண்டு மே 14 அன்று பால்டிக் கடலோர நகரமான கோல்பெர்க்கில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்தில் உள்ளது. தந்தை ஹெர்மன் ஹிர்ஷ்ஃபெல்ட் மருத்துவர். மகன் முதலில் மொழியியல் பயின்று, பின்னர் மருத்துவத்திற்கு மாறி, 1892இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவர் பிறந்த மறு ஆண்டில், தன்பாலீர்ப்பைக் குறிக்க இன்று மேலை மொழிகளில் வழங்கும் சொல் முதன்முதலாக அச்சேறியது. கார்ல் மரியா கெர்ட்பெனி 1869இல் வெளியிட்ட சிறுநூலில் அதனைப் பயன்படுத்தினார். பிரஷ்ய அரசின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து எழுதப்பட்ட நூல் அது. ஆகவே அச்சொல், மருத்துவ நூல்களில் நோயின் பெயராக வழங்குமுன்பே சட்ட எதிர்ப்பின் பகுதியாகத் தோன்றியது. இருப்பினும் 1871இல் ஜெர்மானியப் பேரரசு ஒன்றிணைந்தபோது பிரஷ்யச் சட்டமே வென்றது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான பாலுறவைத் தண்டித்த பிரிவு 175 நாடு முழுமைக்கும் பொருந்துவதாயிற்று. 1813 முதல் இதனைக் குற்றமாகக் கருதாதிருந்த பவேரியாவும் இதற்கு உட்பட்டது. சிறைத்தண்டனையினும் பரவலாக இச்சட்டம் விளைவித்த தீமை மிரட்டிப் பணம் பறித்தல். ஒருவரின் இயல்பை அறிந்தவர் எவரும் அவரை வாழ்நாள் முழுதும் அச்சுறுத்த முடிந்தது.

புனைபெயரில் ஒரு தொடக்கம்

மருத்துவராகப் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் இரு நிகழ்வுகள் ஹிர்ஷ்ஃபெல்டைப் பாதித்தன. 1895இல் லண்டனில் ஆஸ்கர் வைல்டு மீது நடந்த வழக்கும் தண்டனையும் ஒன்று. அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த படைத்துறை அதிகாரி ஒருவர் தம் திருமணத்திற்கு முந்திய இரவில் தற்கொலை செய்துகொண்டது மற்றொன்று. அவ்வதிகாரி தம் நிலையை விளக்கி மருத்துவருக்கு மடல் விட்டுச் சென்றிருந்தார். இதன் விளைவாக 1896இல் 'சாஃபோவும் சாக்ரடீசும்' என்னும் சிறுநூல் வெளிவந்தது. லைப்சிக் பதிப்பாளர் மாக்ஸ் ஷ்போர் அதனை வெளியிட்டார். ஆனால் அட்டையில் இருந்த பெயர் தெ. ராமியன் என்னும் புனைபெயர். பிறரை வெளிச்சத்திற்குக் கொண்டுவர எண்ணியவரே முதலில் தம் பெயரை மறைக்க வேண்டியிருந்தது என்பது அக்காலச் சூழலைப் புலப்படுத்துகிறது.

1897ஆம் ஆண்டு மே 15 அன்று பெர்லினை அடுத்த ஷார்லொட்டன்பர்க்கில் இருந்த அவரது இல்லத்தில் 'அறிவியல்–மனிதநேயக் குழு' தொடங்கப்பட்டது. பதிப்பாளர் ஷ்போர், எடுவார்ட் ஓபெர்க், ஃபிரான்ஸ் யோசஃப் ஃபான் பியூலோ ஆகியோர் உடன் நின்றனர். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக உலகில் தோன்றிய முதல் அமைப்பாக இது கருதப்படுகிறது. அறிவின் வழியே நீதியை அடைதல் என்பது அதன் கொள்கை. பிரிவு 175ஐ நீக்கக் கோரும் மனுவே அதன் முதற்பணி. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபெல் 1898இல் நாடாளுமன்றத்தில் அதனை ஆதரித்துப் பேசினார். காலப்போக்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், தாமஸ் மன், ஹெர்மன் ஹெஸ்ஸே, ரில்கே, கேத்தே கோல்விட்ஸ் முதலியோர் கையொப்பமிட்டனர்.

இம்மனுவின் உத்தி கருதத்தக்கது. சட்டத்தால் பாதிக்கப்பட்டோர் தம் பெயரை வெளியிட இயலாத நிலையில், புகழ்பெற்ற பிறரின் பெயர்கள் அவர்களுக்காக நின்றன. இது இயக்கத்திற்கு வலிமை தந்தது. ஆனால் பேசுவோர் வேறு, பேசப்படுவோர் வேறு என்னும் பிரிவும் இங்கேயே தொடங்கியது.

எண்ணும் வகைப்பாடும்

1899 முதல் 1923 வரை ஹிர்ஷ்ஃபெல்ட் 'பாலியல் இடைநிலைகளுக்கான ஆண்டிதழ்' என்னும் ஆய்விதழை நடத்தினார். ஆண்மையும் பெண்மையும் ஒவ்வொரு மனிதரிடத்தும் வெவ்வேறு அளவில் கலந்துள்ளன. முழு ஆண், முழுப் பெண் என்பன கருத்தளவிலான இரு முனைகளே என்பது அவரது கோட்பாடு. உடலமைப்பு, குணம், விருப்பம் முதலிய கூறுகளைக் கணக்கிட்டு 4,30,46,721 வகைகள் அமையக்கூடும் என 1910ஆம் ஆண்டு நூலில் அவர் காட்டினார். அந்த எண் நோய்ப் பட்டியலுக்கு உரியதன்று. வகைகள் இவ்வளவு பெருகினால் இயல்பானவர், பிறழ்ந்தவர் என்னும் பாகுபாடே பொருளிழக்கிறது.

1903, 1904ஆம் ஆண்டுகளில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஏறத்தாழ 3,000 பேருக்கும், பின்னர் உலோகத் தொழிலாளருக்கும் அவர் வினா அஞ்சல்களை அனுப்பினார். விருப்பம் பெண்கள்மீதா, ஆண்கள்மீதா, இருவர்மீதுமா என்பதை அடையாளமிட்டுப் பெயரின்றித் திருப்பி அனுப்பக் கோரின அவை. இருபாலீர்ப்பு இக்கணிப்பில் தனி விடையாக இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. தன்பாலீர்ப்பாளர் நூற்றுக்கு இருவருக்குச் சற்று மிகுதி என அவர் முடிவு கண்டார். ஆயினும் சில மாணவர்களின் புகாரால் வழக்குத் தொடுக்கப்பட்டு, வினா கேட்டதற்காகவே அவர் தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது.

பெண்களின் குரல் இக்குழுவில் தாமதமாகவே ஒலித்தது. பிரிவு 175 ஆண்களையே குறித்ததால் குழுவின் கவனமும் ஆண்கள்பால் சாய்ந்திருந்தது. 1904ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அன்னா ரூலிங் என்னும் புனைபெயரில் எழுதிய இதழாளர் நிகழ்த்திய உரை இக்குறையைச் சுட்டியது. பெண்ணுரிமை இயக்கத்தில் பெண்விருப்புடைய பெண்களின் உழைப்பு பெரிதாயிருந்தும் அவ்வியக்கம் அவர்களைப் பற்றி வாய்திறக்கவில்லை என்பது அவரது வாதம். 1909ஆம் ஆண்டுச் சட்டவரைவு தண்டனையைப் பெண்களுக்கும் விரிக்க முனைந்தபோது, ஹெலன ஷ்டோக்கர் தலைமையிலான பெண்ணியரும் ஹிர்ஷ்ஃபெல்டும் இணைந்து எதிர்த்தனர். அவ்வரைவு சட்டமாகவில்லை.

நீதிமன்றமும் செய்தித்தாளும்

1907ஆம் ஆண்டு அவரது வாழ்வில் கடுமையான சோதனையைக் கொண்டுவந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் நெருங்கிய நண்பர் ஓய்லன்பர்க் இளவரசரையும் அவர்தம் குழுவினரையும் அரசியல் காரணங்களால் எதிர்த்த இதழாசிரியர் மாக்ஸிமிலியன் ஹார்டன், அவர்களின் தனிவாழ்வைத் தம் இதழில் குறிப்பாகச் சுட்டினார். குனோ ஃபான் மோல்ட்கே அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் வல்லுநர் சான்றாளராக வந்த ஹிர்ஷ்ஃபெல்ட், முன்னாள் மனைவி கூறிய சான்றைக் கொண்டு மோல்ட்கே தன்பாலீர்ப்பு இயல்பினரே என்றார். அவ்வியல்பு இழிவன்று என்பதை நாடறியச் செய்யும் வாய்ப்பாக அவர் அதனைக் கருதியிருத்தல் கூடும். ஆனால் நீதிமன்றத்தில் அச்சொல் அறிவியல் விளக்கமாக நிற்கவில்லை. ஒருவரை வீழ்த்தும் குற்றச்சாட்டாகவே நின்றது.

ஹார்டன் முதலில் விடுதலை பெற்றார். பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு மறுவிசாரணை நடந்தது. அதில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம் கருத்தைப் பின்வாங்க, ஹார்டன் தண்டிக்கப்பட்டார். கேலிச்சித்திர இதழ்கள் ஹிர்ஷ்ஃபெல்டைப் பெருமக்களின் படுக்கையறையை உளவறியும் யூதராக வரைந்தன. குழுவுக்கு நிதியளித்தோர் பலர் விலகினர். தம் இரகசியம் மருத்துவரிடம் காக்கப்படுமா என்னும் அச்சம் அவர்களுக்கு எழுந்தது இயல்பே. ஒருவரின் ஒப்புதலின்றி அவரது அடையாளத்தை அறிவிக்கும் உரிமை அறிவியலுக்கு உண்டா என்னும் கேள்வி இவ்வழக்கில் விடையின்றி நின்றது.

இதே காலத்தில் இயக்கத்தினுள்ளும் வேறுபாடு இருந்தது. 'தனக்குரியவன்' எனப் பொருள்படும் இதழை 1896இல் தொடங்கிய அடோல்ஃப் பிராண்ட், ஹிர்ஷ்ஃபெல்டின் மூன்றாம் பால் கருத்தை ஏற்கவில்லை. கிரேக்க மரபில் போற்றப்பட்ட ஆண் நட்பின் தொடர்ச்சியாகவே அவர் இவ்வன்பைக் கண்டார். மருத்துவரின் மேசை வழியே மதிப்பைத் தேடுவது அவருக்கு உடன்பாடன்று. அரசின் தலைமை அமைச்சர் பியூலோவைத் தன்பாலீர்ப்பாளர் என அச்சிட்டதால் அவர் 1907இல் சிறைத்தண்டனை பெற்றார். பிறவியிலேயே அமைந்த சிறுபான்மை அடையாளமா, எவருக்கும் உரிய பண்பாட்டு உரிமையா என இன்றைய அடையாள அரசியலில் தொடரும் விவாதம் இவ்விருவரிடையே அன்றே நடந்தது.

திரையில் எழுந்த வழக்கு

முதல் உலகப்போரின் முடிவில் பேரரசு வீழ்ந்தது. தணிக்கை சிறிது காலம் நீங்கியது. அவ்விடைவெளியில் 1919 மே மாதம் பெர்லினில் 'மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்கள்' என்னும் மௌனப் படம் திரையிடப்பட்டது. ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கினார். ஹிர்ஷ்ஃபெல்ட் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றதுடன் மருத்துவராகவும் நடித்தார். தன்பாலீர்ப்பாளரைப் பரிவுடன் காட்டிய முதல் திரைப்படங்களுள் இது முதன்மையானது.

கன்ராட் ஃபைட் ஏற்ற பால் கோர்னர் என்னும் வயலின் கலைஞர் படத்தின் தலைமை மாந்தர். தொடக்கத்தில் அவர் செய்தித்தாளில் காரணம் விளங்காத தற்கொலைச் செய்திகளைப் படிக்கிறார். அவற்றின் பின்னே பிரிவு 175 இருப்பதை அவர் மட்டும் உணர்கிறார். ஊடகத்தில் சொல்லப்படாததைப் படிக்கத் தெரிந்த வாசகராக மாந்தரை அறிமுகப்படுத்தும் இக்காட்சி, சித்திரிப்பு ஆய்வுக்கு இன்றும் பயன்படுவது. மாணவர் ஒருவரோடு அவர் கொண்ட அன்பை அறிந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டுகிறான். கோர்னர் நீதிமன்றத்தை நாடுகிறார். மிரட்டியவன் தண்டிக்கப்படுகிறான், அதே சட்டத்தால் கோர்னரும் தண்டிக்கப்படுகிறார். இசை வாய்ப்புகளை இழந்து அவர் உயிர்விடுகிறார். துயரத்தில் தாமும் இறக்க நினைக்கும் மாணவரை மருத்துவர் தடுத்து, சட்டத்தை மாற்ற உழைக்குமாறு வேண்டுகிறார்.

இப்படத்தின் வலிமை மிரட்டலின் இயங்குமுறையைச் சாதாரணப் பார்வையாளருக்கும் புரியவைத்ததில் உள்ளது. குற்றம் அன்பில் இல்லை, சட்டத்தில் உள்ளது எனக் கதைப்போக்கே காட்டிவிடுகிறது. வரம்பும் உடனுள்ளது. அன்பு கொண்டவர் இறக்கிறார். விளக்கம் தருபவர் மருத்துவர். தன் வாழ்வைத் தானே எடுத்துரைக்கும் உரிமை கோர்னருக்கு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1931இல் கிறிஸ்டா வின்ஸ்லோவின் நாடகத்தைத் தழுவி லியோன்டீன் சாகன் இயக்கிய 'சீருடைப் பெண்கள்' வெளிவந்தது. மாணவி ஒருத்தி ஆசிரியைமீது கொண்ட அன்பைப் பேசும் அப்படத்தில் அவ்வன்பை விளக்க மருத்துவர் தேவைப்படவில்லை. இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால், இரக்கத்தைக் கோரும் சித்திரிப்புக்கும் தன் குரலில் பேசும் சித்திரிப்புக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

சில நகரங்களில் படத்திற்கு எதிராகக் கலகங்கள் நிகழ்ந்தன. படக்குழுவினர் யூதர் என்னும் பழிப்பும் உடன் எழுந்தது. 1920இல் திரைப்படத் தணிக்கைச் சட்டம் இயற்றப்பட்டபின், அவ்வாண்டு அக்டோபரில் பொதுத் திரையிடல் தடை செய்யப்பட்டது. மருத்துவரும் ஆய்வாளரும் மட்டுமே காண இசைவு தரப்பட்டது. தடைக்குக் கருத்துரைத்தோர் எமில் கிரப்லின், ஆல்பர்ட் மோல் முதலிய மருத்துவ அறிஞர்கள். அறிவியலின் அதிகாரத்தை நம்பி எடுக்கப்பட்ட படத்தை அறிவியலின் அதிகாரமே தடுத்தது.

அதே மாதத்தில் மியூனிக்கில் சொற்பொழிவு முடித்துத் திரும்பிய ஹிர்ஷ்ஃபெல்டைத் தேசியவாதக் கும்பல் ஒன்று தாக்கி வீழ்த்தியது. அவர் இறந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. உயிர் பிழைத்த அவர் தம் இரங்கற்குறிப்புகளைத் தாமே படித்தார். அவற்றுள் சில அவர் சாவில் மகிழ்ந்தன.

நிறுவனமும் அதன் காட்சிக்கூடமும்

1919 ஜூலை 6 அன்று பெர்லின் டியர்கார்ட்டன் பகுதியில் அவர் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனம் மருத்துவமனை, நூலகம், ஆவணக்காப்பகம், அறிவுரை மையம் ஆகியன ஒருங்கமைந்தது. ஏழைகளுக்குக் கட்டணமின்றி அறிவுரை வழங்கப்பட்டது. பொதுமக்கள் பெயரின்றிக் கேள்வி எழுதிப் பெட்டியில் இட, மாலைக் கூட்டங்களில் மருத்துவர்கள் விடையளித்தனர். பிறப்பால் அமைந்த பாலுக்கு மாறான உடை அணிவோர் காவல்துறையின் தொல்லைக்கு ஆளாகாமல் இருக்கச் சான்றிதழ் பெற்றுத் தருவதிலும் நிறுவனம் உதவியது.

அங்கிருந்த காட்சிக்கூடத்தில் பாலியல் இடைநிலைகளை விளக்கும் ஒளிப்படங்கள் சுவரை நிறைத்தன. 1929இல் பெர்லின் வந்து நிறுவனத்தை அடுத்த அறையில் தங்கிய ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் ஐஷர்வுட், அக்கூடத்தை முதன்முறை கண்டபோது கூச்சமுற்றதைப் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். தம்மை ஒத்தவர்களைக் காட்சிப் பொருள்களாகக் கண்டதும் அக்கூச்சத்திற்கு ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. மேலும், தன்பாலீர்ப்பு பிறவியில் அமைந்தது எனக் காட்ட விரும்பிய ஹிர்ஷ்ஃபெல்ட், ஓய்கன் ஷ்டைனாக்கின் சுரப்பி மாற்று அறுவைக்கும் சிலரைப் பரிந்துரைத்தார். அக்காலத்து இனமேம்பாட்டுக் கருத்துகளிலிருந்தும் அவர் விலகி நிற்கவில்லை. உடலில் காரணம் தேடும் வாதம் மன்னிப்பைப் பெற்றுத் தருவதோடு, உடலை மாற்றும் முயற்சிக்கும் வழிவிடுகிறது என்பதை இது உணர்த்துகிறது. இதனை மறைத்து அவரைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

தம் இயல்பை அவர் பொதுவெளியில் அறிவித்ததில்லை. கார்ல் கீஸ அவரது நெடுநாள் துணைவர் என்பதை நண்பர்கள் அறிந்திருந்தனர். சார்பற்ற அறிஞராகத் தோன்றினால்தான் தம் சான்று ஏற்கப்படும் என்னும் நிலையில் அந்த மௌனம் அவருக்குத் தேவைப்பட்டது. பிறரின் அடையாளத்தை அறிவியலாக்கியவர் தம் அடையாளத்தை மட்டும் அறிவியலுக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

1929 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் குழு 15க்கு 13 என்னும் வாக்குகளால் பிரிவு 175ஐ நீக்கப் பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் பயன் கண்ணெதிரே தோன்றியது. எனினும் ஆண் பாலியல் தொழிலையும் 21 வயதுக்குட்பட்டோருடனான உறவையும் கடுமையாகத் தண்டிக்கும் புதிய பிரிவும் அவ்வரைவில் சேர்ந்தது. இயக்கத்தினுள் கருத்து வேறுபாடு முற்ற, ஹிர்ஷ்ஃபெல்ட் குழுத் தலைமையிலிருந்து விலகினார். வரைவு நாடாளுமன்ற அவையில் நிறைவேறவே இல்லை.

உலகப் பயணமும் இந்தியாவும்

1930 நவம்பரில் தொடங்கிய சொற்பொழிவுப் பயணம் அமெரிக்கா, ஜப்பான், சீனா வழியாக 1931இல் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஷாங்காயில் சந்தித்த மருத்துவ மாணவர் லி ஷியு டாங் இறுதிவரை உடனிருந்தார். அலகாபாத்தில் அவர் நேரு குடும்பத்தின் விருந்தினராகத் தங்கினார்.

அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' 1927இல் வெளியாகி, இந்தியரின் பாலியல் வழக்கங்களைக் காட்டி அவர்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என வாதிட்டிருந்தது. ஹிர்ஷ்ஃபெல்ட் தம் பயணநூலில் மேயோவை மறுத்தார். இந்திய விடுதலையை ஆதரித்தார். ஒரு மக்களின் அந்தரங்க வாழ்வை அயலார் எழுதி அதனைக் கொண்டே அவர்களின் உரிமையை மறுக்கும் முறையைத் தம் நாட்டில் அனுபவித்தவர், அதே முறையைப் பேரரசின் கையிலும் கண்டுகொண்டார் என்று இதனைக் கொள்ளலாம்.

எரிந்த நூலகமும் இறுதி ஆண்டுகளும்

அவர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. 1933 மே 6 அன்று நாசி மாணவர்கள் நிறுவனத்தைச் சூறையாடினர். மே 10 அன்று பெர்லின் ஓபராத் திடலில் எரிக்கப்பட்ட நூல்களோடு அந்நூலகத்தின் ஆயிரக்கணக்கான நூல்களும் எரிந்தன. ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலை கழியில் செருகி ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. பாரிஸில் இருந்த அவர் இதனைத் திரையரங்குச் செய்திப்படம் ஒன்றில் கண்டார். தாம் நியாயம் கேட்கப் பயன்படுத்திய திரையிலேயே தம் வாழ்நாள் உழைப்பு எரிவதைக் காண நேர்ந்தது.

1935 மே 14 அன்று, தம் 67ஆவது பிறந்தநாளில், ஃபிரான்சின் நீஸ் நகரில் அவர் காலமானார். அடுத்த மாதமே பிரிவு 175 மேலும் கடுமையாக்கப்பட்டது. நாசி ஆட்சியில் ஏறத்தாழ 50,000 பேர் இதன்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் பல்லாயிரவர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். போருக்குப் பின்னும் மேற்கு ஜெர்மனியில் நாசி வடிவச் சட்டமே 1969 வரை நீடித்தது. பிரிவு முற்றிலும் நீங்கியது 1994இல்தான்.

தடை செய்யப்பட்ட படமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1927இல் ஹிர்ஷ்ஃபெல்ட் தம் மற்றொரு படத்தில் அதன் சுருக்கத்தை இணைத்திருந்தார். உக்ரேனிய எழுத்துரையுடன் எஞ்சிய அப்பகுதியைக் கொண்டே மியூனிக் திரைப்பட அருங்காட்சியகம் அதனை மீட்டமைத்தது.

முடிவுரை

ஹிர்ஷ்ஃபெல்டின் வாழ்க்கையிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு மக்கள் குழுவை ஊடகத்தில் காட்டுவதன் பயன் சட்டச் சூழலைச் சார்ந்தது. குற்றமாக்கும் சட்டம் நிலைத்திருக்கும்போது பரிவுள்ள சித்திரிப்பும் ஆபத்தாகலாம்; ஓய்லன்பர்க் வழக்கு இதற்குச் சான்று. இரண்டாவது, பிறவி இயல்பு என்னும் வாதம் தண்டனையிலிருந்து காக்கப் பயன்பட்டாலும், அது பேசும் உரிமையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அன்னா ரூலிங்கின் உரையும் 'சீருடைப் பெண்கள்' படமும் அவ்வுரிமையைத் தமக்கே மீட்டுக்கொண்ட முயற்சிகள். மூன்றாவது, சித்திரிப்பின் வரலாற்றை எழுதுவோர் படைப்பை மட்டுமன்றி, அதனைத் தடுத்த தணிக்கை, அழித்த தீ, எஞ்சிய படியைக் காத்த காப்பகம் ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் குறித்த தொடக்கக்கால ஆவணங்களுள் இழந்தவை பல. எனவே கிடைக்கும் பிரதிகளில் அவர்கள் காணப்படாமையை அவர்கள் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வது ஆய்வுநெறி ஆகாது.